வெள்ளி விளக்கும் மாமூலும் ஒன்றா?

வாசகர் கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் சிறிய தொழிற்சாலை நடத்துகிறேன். 38 பேர் வேலை செய்கிறார்கள். நான்கு வருடமாக ஒரு ஜெர்மன் நிறுவனத்துக்குச் சப்ளை செய்கிறோம். தீபாவளிக்கு முன்னால் அவர்களுடைய கொள்முதல் மேலாளர் ஆய்வுக்கு வந்தார். வீட்டுக்கு அழைத்து இலை போட்டு விருந்து வைத்தோம். கிளம்பும்போது ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்தேன், 18,000 ரூபாய். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மூன்றாவது வாரம் அது கூரியரில் திரும்பி வந்தது, கூடவே இரண்டு வரிக் கடிதம். விளக்கைத் திருப்பிவிட்டார்களே என்று என் மனைவி அழுதுவிட்டாள். இப்போது 14 பக்கப் படிவம் ஒன்று வந்திருக்கிறது. எந்த அதிகாரிக்கும் எந்தப் பணமும் கொடுப்பதில்லை என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். உறவினர்கள் பொறுப்பில் இருந்தால் எழுத வேண்டுமாம். என் மச்சினன்தான் பர்ச்சேஸ் பார்க்கிறான். மாமூல் கொடுக்காமல் இங்கே யார் தொழில் நடத்துகிறார்கள்? இது நம் ஊர்ப் பழக்கம், நம் ரத்தத்திலேயே இருக்கிறது. கோடி கோடியாக லஞ்சம் கொடுத்து மாட்டியவர்கள் நமக்குப் பாடம் நடத்தலாமா? கையெழுத்துப் போடட்டுமா, வேண்டாமா?

அன்புள்ள நண்பருக்கு,

விளக்கு, மாமூல், மச்சினன் என்று மூன்று விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். விளக்கு திரும்பி வந்த வருத்தம் நியாயமானது. ஆனால் அந்த வருத்தத்தின் மேல் ஏறி நின்று மாமூலுக்கும் சேர்த்து வாதாடுகிறீர்கள். விளக்கு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். மாமூலில் உங்கள் பக்கம் நிற்க என்னால் முடியாது. 26 வருடமாக உங்களைப் போன்ற சிறு தொழில்காரர்களின் கணக்குகளைத் தணிக்கை செய்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வீட்டம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: அந்த மனிதர் உங்களை அவமதிக்கவில்லை. விருந்து சாப்பிட்ட வீட்டில், கொடுத்த கையைத் தட்டிவிட அவருக்கு மனம் வந்திருக்காது. அதனால்தான் இரண்டு கையாலும் வாங்கினார். ஊருக்குப் போனதும் அதைக் கம்பெனியில் சொல்லியாக வேண்டும். சொல்லியிருப்பார், திருப்பி அனுப்பு என்றிருப்பார்கள். வாங்கி ஒளித்து வைத்திருந்தால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

ஜெர்மனியில் தனியார் நிறுவன ஊழியர் ஒருவர், கொள்முதலில் ஒருவருக்குச் சாதகமாக நடப்பதற்காக ஒரு பொருளை வாங்கினால் அது கிரிமினல் குற்றம். அவர்களுடைய தண்டனைச் சட்டம் பிரிவு 299, மூன்று வருடம் வரை சிறை. நம் லஞ்ச ஒழிப்புச் சட்டம் அரசு ஊழியரைச் சுற்றி எழுதப்பட்டது. அதனால் நமக்கு லஞ்சம் என்றால் உடனே கண்ணில் படுவது அரசு அலுவலக மேசை. தனியார் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்ப்பவருக்குப் போவதை நாம் லஞ்சம் என்று சொல்வதேயில்லை. கமிஷன் என்போம், கவனிப்பு என்போம். அந்த மேலாளர் வளர்ந்த ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர். எந்த சப்ளையரைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவு அவருடைய சொந்தச் சொத்து அல்ல, கம்பெனி அவரை நம்பிக் கொடுத்தது என்பது அங்கே பால்பாடம்.

அளவும் ஒரு விஷயம். அங்கே ஒரு நிறுவனம் வெளியாருக்குக் கொடுக்கும் பரிசை, ஒருவருக்கு வருடத்துக்கு 50 யூரோ வரைதான் வரிக்கணக்கில் செலவாகக் காட்டலாம். 2023 வரை அது வெறும் 35 யூரோ. 50 யூரோ என்பது நம் பணத்தில் 5,000 ரூபாய்க்குப் பக்கத்தில். சாதாரணப் பரிசு என்றால் அவ்வளவுதான் என்று பழகிய மனிதரின் கையில் 18,000 ரூபாய் வெள்ளியை வைத்திருக்கிறீர்கள். அவருக்கு அது எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதை வைத்து, பரிசு கொடுப்பது நம்மவர்களின் கெட்ட பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானில் வருட நடுவில் 'ஓச்சூகென்', வருடக் கடைசியில் 'ஓசெய்போ' என்று இரண்டு பருவம் முழுக்கப் பரிசு கொடுப்பதற்காகவே இருக்கிறது. பெரிய கடைகள் அதற்கென்றே தனிப் பிரிவு திறக்கும். வாடிக்கையாளருக்கு அனுப்பாவிட்டால்தான் தவறாக நினைப்பார்கள். அதே ஜப்பான் 1999-இல் அரசு ஊழியர்களுக்கென்று ஒரு நெறிமுறைச் சட்டம் போட்டது. வேலை நிமித்தம் தொடர்புள்ளவரிடம் பரிசு வாங்கக் கூடாது, மற்றவர்களிடம் வாங்கினாலும் 5,000 யென்னுக்கு மேல் போனால் மேல்நிலை அதிகாரிகள் கணக்குக் காட்ட வேண்டும். சீனாவில் நிலாப் பண்டிகைக்கு மூன்கேக் கொடுப்பது, நாம் தீபாவளிக்குப் பலகாரம் கொடுப்பது போல. 2013-இல் அரசுப் பணத்தில் மூன்கேக் வாங்கிப் பரிசளிக்கக் கூடாது என்று கட்சியே தடை போட்டது.

தென் கொரியா நமக்கு இன்னும் நெருக்கம். அங்கேயும் கல்யாணம், சாவு என்றால் கவரில் பணம் வைத்துக் கொடுப்பார்கள், வாசலில் ஒருவர் உட்கார்ந்து பேரும் தொகையும் எழுதுவார். அச்சு அசல் நம் மொய்தான். 2016-இல் வந்த சட்டம் அதைத் தடை செய்யவில்லை, வரம்பு கட்டியது. அரசு ஊழியர், ஆசிரியர், பத்திரிகையாளர் ஆகியோருக்குச் சாப்பாடு 30,000 வோன், பரிசு 50,000 வோன், மொய் 1,00,000 வோன், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்றார்கள். பிறகு விவசாயிகளும் ஹோட்டல்காரர்களும் முறையிட்டு அந்த எண்கள் மாறிக்கொண்டே வந்தன. சாப்பாட்டு வரம்பு 2024-இல் 50,000 ஆயிற்று. கோடு எங்கே என்று அந்த ஊர்க்காரர்களே பேசிப் பேசி நகர்த்திக்கொள்கிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. கொடுக்கிற பழக்கத்தையும் விடவில்லை, கோட்டையும் அழிக்கவில்லை.

மொய் நோட்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மொய்யில் ரகசியம் கிடையாது. பேர், ஊர், தொகை எல்லாம் நோட்டில் ஏறும். சில ஊர்களில் மைக்கிலேயே சொல்வார்கள். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம், பத்து வருடம் கழித்தும் பார்க்கலாம். உங்கள் விளக்கும் அந்த ஜாதிதான். வீட்டில், எல்லார் முன்னாலும், சந்தோஷமாகக் கொடுத்தீர்கள். இடமும் அளவும் தவறிவிட்டன, அவ்வளவுதான். அவருக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதுங்கள்: எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை, உங்கள் விதி தெரியாமல் சங்கடப்படுத்திவிட்டோம், மன்னியுங்கள் என்று. விளக்கமெல்லாம் வேண்டாம், இது போதும். அடுத்த வருடம் மைசூர்பாகு நான்கு பெட்டி அலுவலக முகவரிக்கு, எல்லாருக்கும் என்று எழுதி அனுப்புங்கள். ஆனால் அனுப்பும் முன் என்ன வரம்பு என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள்.

சரி, மாமூலுக்கு வருவோம்.

மாமூல் என்ற சொல் அரபியிலிருந்து உருது வழியாக நமக்கு வந்தது. அர்த்தம் 'வழக்கமானது'. தஸ்தூரி என்ற பழைய சொல்லும் அப்படித்தான், 'தஸ்தூர்' என்றால் வழக்கம். அதாவது நீங்கள் வைக்கும் வாதம் அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. கெஞ்சி வாங்கியதும் மிரட்டி வாங்கியதும் வழக்கம் என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வருகின்றன. மற்ற ஊர்களையும் பாருங்கள். கென்யாவில் 'சாய்' என்று தேநீரின் பெயரால் கேட்பார்கள். மலேசியாவில் 'டூயிட் கோப்பி', காப்பிக் காசு. இந்தோனேசியாவில் 'உவாங் ரோக்கோ', சிகரெட் காசு. எல்லாமே ஏதோ அற்பத் தொகை, உபசாரம் என்பது போலத் தொனிக்கும். மெக்சிகோவிலோ 'மோர்தீதா' என்கிறார்கள், 'கடி' என்று அர்த்தம். இவற்றில் கொடுத்தவன் பக்கம் நின்று வைத்த பெயர் அது ஒன்றுதான்.

உண்மையிலேயே சரி என்று ஒரு சமூகம் நம்பும் விஷயத்துக்கு மாற்றுப் பெயர் எதற்கு? 1998-இல் அதிபர் சுகார்த்தோவைப் பதவியிலிருந்து இறக்கிய இந்தோனேசிய மாணவர்களின் கோஷத்தில் ஊழல், கூட்டுச்சதி, உறவினர் சலுகை மூன்றையும் சேர்த்துச் சுருக்கிய 'கே.கே.என்.' என்ற மூன்றெழுத்து ஒலித்தது. சிகரெட் காசு அவர்கள் கலாசாரம் என்றால் அதை எதிர்த்து அவர்களே ஏன் தெருவுக்கு வந்தார்கள்? எந்த நாட்டிலும் கொடுக்கிறவன் அதைத் தன் பண்பாடு என்று கொண்டாடி நான் பார்த்ததில்லை. தன் அதிகாரி லஞ்சம் வாங்கலாம் என்று எழுதி வைத்த நாட்டுச் சட்டம் எதையும் பார்த்ததில்லை.

'அந்த ஊரில் அப்படித்தான்' என்ற வாதத்தின் பழைய சொந்தக்காரர் யார் தெரியுமா? நம்மைச் சுரண்டியவர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான ஊழல் விசாரணை 1788-இல் லண்டனில் தொடங்கியது. ஆசியாவில் எதேச்சாதிகாரமும் காணிக்கையும்தான் நடைமுறை, அங்கே நடந்ததை ஐரோப்பிய அளவுகோலால் அளக்கக் கூடாது என்பது அவர் தரப்பின் வாதங்களில் ஒன்று. அவர் மீது குற்றம் சாட்டிய பிரிட்டிஷ் எம்.பி. எட்மண்ட் பர்க் அதற்கு 'புவியியல் ஒழுக்கம்' என்று பெயர் வைத்துக் கிழித்தார். நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் நற்குணமெல்லாம் செத்துப்போய்விடுமா என்று கேட்டார். ஏழு வருடம் இழுத்து 1795-இல் ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார் என்பது வேறு கதை. நம்மூர் மனிதர்களுக்கு நேர்மை தெரியாது என்று நம்மைப் பற்றி அன்றைக்குச் சொல்லப்பட்டதை, இன்றைக்கு நாமே நம்மைப் பற்றிச் சொல்வது எனக்கு வலிக்கிறது. உங்கள் கடிதத்தில் 'ரத்தத்திலேயே இருக்கிறது' என்ற வரியைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

ரத்தத்தில் இல்லை. நியூயார்க்கில் ஐ.நா. தூதர்களின் பார்க்கிங் அபராதத்தை இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். தூதர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அபராதம் கட்டாவிட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. 1997 முதல் 2002 வரை ஒன்றரை லட்சம் சீட்டுகளுக்கு மேல் கட்டாமல் கிடந்தன. ஸ்வீடன், நார்வே, ஜப்பான் தூதர்கள் பேரில் ஒன்றுகூட இல்லை. வேறு சில நாட்டுக்காரர்கள் பேரில் ஆளுக்கு நூற்றுக்கு மேல். ஊர்ப் பழக்கம் கூடவே விமானம் ஏறி வருகிறது என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2002-இல் கட்டாதவர்களின் வண்டித் தகட்டைப் பறிக்க ஆரம்பித்ததும் விதிமீறல்கள் கிட்டத்தட்ட மொத்தமாக நின்றுபோயின. அதே தூதர்கள், அதே ரத்தம்.

'அவர்கள் மட்டும் யோக்கியமா' என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. இல்லை. 1999 வரை ஜெர்மன் நிறுவனங்கள் வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்தை வரிக்கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். 'பயனுள்ள செலவுகள்' என்று அதற்கு மரியாதையான பெயர். நம் மாமூலுக்குச் சளைத்த பெயரா அது? சீமென்ஸ் நிறுவனம் பல நாடுகளில் லஞ்சம் கொடுத்த விவகாரத்தில் 2008-இல் அமெரிக்க, ஜெர்மன் அரசுகளுக்குச் சேர்த்து சுமார் 160 கோடி டாலர் கட்டி முடித்தது. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதைத் தடுக்கும் அமெரிக்காவின் 1977 சட்டமும் ஒழுக்கத்தில் உயர்ந்ததால் பிறந்ததல்ல. 400-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் சந்தேகத்துக்குரிய பணம் கொடுத்ததை ஒப்புக்கொண்ட அவமானத்தில் பிறந்தது. அதில் லாக்ஹீட் விமானக் கம்பெனி கொடுத்த பணத்தால் ஜப்பானின் முன்னாள் பிரதமர் தனாகா 1976-இல் கைதானார்.

சென்னை சம்பந்தப்பட்ட கதையும் ஒன்று உண்டு. காக்னிசென்ட் நிறுவனத்தின் சென்னை வளாகக் கட்டட அனுமதிக்காக, தமிழ்நாட்டின் மூத்த அதிகாரி ஒருவர் 2014-இல் 20 லட்சம் டாலர் கேட்டார், கட்டட ஒப்பந்ததாரர் வழியாக அதைக் கொடுக்க நிறுவனத்தின் மேலிடமே ஒப்புக்கொண்டது என்பது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2019-இல் நிறுவனம், ஒப்புக்கொள்ளவும் இல்லாமல் மறுக்கவும் இல்லாமல், 2.5 கோடி டாலர் கட்டித் தீர்த்துக்கொண்டது. இரண்டு முன்னாள் உயரதிகாரிகள் மீது போட்ட கிரிமினல் வழக்கோ 2025-இல் கைவிடப்பட்டது. அந்த வருடம் பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் அந்த 1977 சட்டத்தைச் செயல்படுத்துவதையே நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தார். ஆகவே வெள்ளைக்காரன் சொல்கிறான் என்பதற்காக நீங்கள் திருந்த வேண்டாம். அவன் நாளைக்கு வேறு சொல்வான். உங்களுக்கு உங்கள் சொந்தக் காரணம் வேண்டும்.

என் காரணத்தைச் சொல்கிறேன். தொழில் தொடங்கிய மூன்றாவது வருடம், ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு பதிவுச் சான்றிதழ் வாங்க ஓர் அலுவலகத்துக்கு நடந்தேன். ஆறாவது நடையில் 2,000 ரூபாய் கொடுத்தேன், அன்றே கிடைத்தது. கணக்கில் 'பூஜை செலவு' என்று எழுதினேன். அடுத்த வருடம் புதுப்பிக்கப் போனபோது எந்தக் கேள்வியும் இல்லாமல் 3,000 கேட்டார்கள். நான் கொடுத்த முதல் தொகைதான் எனக்கும், எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் விலையை நிர்ணயித்தது. என் பின்னால் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்காரர் நின்றிருந்தார், கிரீஸ் படிந்த சட்டையோடு. அவரிடம் 3,000 இருந்திருக்காது. அந்த முகத்தை இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகு நான் கொடுக்கவில்லை. சில வேலைகள் நான்கு மாதம் இழுத்தன, இரண்டு வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். இதையும் சொல்லியாக வேண்டும்.

சட்டம் இப்போது உங்களைச் சும்மா விடாது. நம் லஞ்ச ஒழிப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் நேரடிக் குற்றம், ஏழு வருடம் வரை சிறை. கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் கொடுத்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் போலீசிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ சொல்லிவிட வேண்டும், அப்போது நீங்கள் குற்றவாளி அல்ல. அமெரிக்கச் சட்டத்தில் வழக்கமான வேலையை வேகப்படுத்தக் கொடுக்கும் சில்லறைப் பணத்துக்கு விலக்கு உண்டு. நம் சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது, பிரிட்டிஷ் சட்டத்திலும் கிடையாது. சிங்கப்பூரில் இன்னும் கறார். லாரி டிரைவர்களிடம் ஒரு டாலர் வாங்கினார்கள் என்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள் மீது 2018-இல் வழக்குப் போட்டார்கள். 'எங்கள் தொழிலில் இது வழக்கம்' என்று சாட்சி சொல்லவே அவர்கள் சட்டம் இடம் தருவதில்லை. பல இனத்தார், பல வழக்கங்கள் இருக்கும் ஊரில் வேறு என்னதான் செய்வது?

இந்த மாதம் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பொய்யான உறுதிமொழி கொடுத்தால், நாளைக்கு ஒரு சின்னத் தகராறிலும் ஒப்பந்தத்தை ரத்து செய்ய அதுவே போதும். மூன்று மாதம் அவகாசம் கேளுங்கள். அதற்குள் கடந்த இரண்டு வருட வவுச்சர்களை எடுத்து உட்காருங்கள். ஸ்டாஃப் வெல்ஃபேர், பூஜை, ஏற்றிறக்குக் கூலி, கஸ்டம்ஸ் ஏஜென்ட் பில்லில் வரும் 'இதர செலவு', இந்த நான்கு தலைப்பில்தான் பெரும்பாலும் மறைந்திருக்கும். பணம் எதற்காகப் போனது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதுங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் நம் பக்கம் ஏதோ ஒரு காகிதம் குறைவதால் போகிறது: காலாவதியான லைசென்ஸ், கட்டாத கட்டணம், போடாத தடுப்புக் கம்பி. அதைச் சரிசெய்தால் கேட்கிறவருக்குப் பிடி இருக்காது. புதுப்பித்தலுக்குக் கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். அவசரப்படுகிறவனிடம்தான் விலை ஏறும். ஏஜென்டிடம் ரசீது இல்லாத எதையும் தரமாட்டேன் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். அப்புறம், அதிகாரியைப் பார்க்கத் தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள்.

மீதியுள்ளது நிஜமான மிரட்டல். அதைத் தனி ஆளாக எதிர்த்து நிற்பது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். சூயஸ் கால்வாயில் கப்பல் போனால் சிகரெட் பெட்டி பெட்டியாகக் கொடுத்தாக வேண்டும் என்பதால், மாலுமிகள் அதை 'மார்ல்பரோ கால்வாய்' என்றே கூப்பிட்டார்கள். தனியாக மறுத்த கேப்டனின் கப்பல் தாமதமானது. கப்பல் கம்பெனிகள் 2011-இல் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து, யாருமே கொடுப்பதில்லை என்று ஒரே குரலில் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெடுபிடி குறையத் தொடங்கியது. கோவையில் உங்களுக்குக் கொடிசியா என்ற சிறுதொழில் சங்கம் இருக்கிறது, வார்ப்படத் தொழில் சங்கங்கள் இருக்கின்றன. இதே படிவம் உங்கள் பேட்டையில் இன்னும் பத்துப் பேருக்காவது வந்திருக்கும். அவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். புகாரைச் சங்கத்தின் பெயரில் கொடுங்கள்.

மச்சினன் விஷயத்தில் நீங்கள் தேவையில்லாமல் பயப்படுகிறீர்கள். ஜெர்மனியின் நடுத்தரத் தொழில்களில் பெரும்பாலானவை குடும்பத் தொழில்கள்தான். உறவுக்காரரை நம்பிப் பொறுப்புக் கொடுப்பது அவர்களுக்குப் புரியாத விஷயமல்ல. உறவை மறைத்தால்தான் சிக்கல். அவர் பெயரையும் உறவுமுறையையும் அந்தப் பக்கத்தில் தெளிவாக எழுதுங்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் எந்த பர்ச்சேஸ் ஆர்டரிலும் அவரோடு வேறொருவர் கையெழுத்தும் இருக்கட்டும், உறவுக்காரரிடம் வாங்கும் பொருளுக்கு மூன்று விலைப்புள்ளி வாங்கிக் கோப்பில் வையுங்கள், அதையும் அங்கேயே குறிப்பிடுங்கள். முதலில் அவரையே உட்கார வைத்து இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். வேறு யார் வாயிலிருந்தோ கேட்டால், தன்னைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று அவர் நினைத்துவிடுவார்.